நெய்வேலி: ஒரு சுரங்க நகரின் வரலாறும் எழுந்துபோன ஊர்களும்

ஊர் ஒன்று தோன்றுவதற்குக் காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். ஆற்றங்கரையில் தோன்றிய ஊர்கள் உண்டு; ஏரிக்கரையில் தோன்றிய ஊர்கள் உண்டு. கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊருக்குச் சிதம்பரமும், துறைமுகத்தால் வளர்ந்த ஊருக்குக் கடலூரும் நமக்கு அருகிலேயே சான்றுகளாய் விளங்குகின்றன. இவையெல்லாம் நிலத்தின் மேலே உள்ள ஒன்றை நம்பி அமைந்தவை. நிலத்தின் கீழே உள்ள ஒன்றை நம்பி அமையும் ஊர்களும் உலகில் உள்ளன. அவை சுரங்க ஊர்கள்.

சுரங்க ஊர்களின் வரலாற்றை எழுதுவோர், அப்பொருளை முதலில் கண்டவர் யார், சுரங்கத்தைத் தொடங்கி வைத்தவர் யார், ஆண்டுக்கு எத்துணை டன் எடுக்கப்பட்டது என்பவற்றோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வர். அந்நிலத்தில் முன்னர் வாழ்ந்தவர் யார், அவர்கள் எங்கே சென்றனர் என்னும் வினா அவ்வரலாறுகளில் அருகியே காணப்படும். நம் மாவட்டத்துச் சுரங்க நகரமாகிய நெய்வேலியை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர் தேடிக் கண்ட கல்

நெய்வேலிக்குச் செல்லுமுன், தொலைதூரத்துச் சுரங்க ஊர் ஒன்றைக் கண்டு வருவது பயன் தரும். ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்பகுதியில், அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 850 கிலோமீட்டர் தொலைவில், மழை அரிதாகிய பாலை நிலத்தின் நடுவே கூபர் பீடி என்னும் சிற்றூர் உள்ளது. ஓபல் எனப்படும் வண்ணக்கல்லுக்கு உலகப் புகழ் பெற்றது அவ்வூர். 1915ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பொன் தேடிச் சென்ற ஒரு குழுவினர் அப்பாலையில் கூடாரம் அடித்திருந்தனர். அவர்களுடன் சென்றிருந்த வில்லி ஹட்சிசன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் குடிநீர் தேடிப் புறப்பட்டான். ஓபல் கற்களோடு திரும்பினான். பின்னர் அங்கே ஊர் எழுந்தது. கோடை வெம்மையைத் தாங்க மாட்டாத மக்கள் குன்றுகளைக் குடைந்து, நிலத்தின் உள்ளேயே வீடுகளை அமைத்துக்கொண்டனர். அம்மண்ணின் தொல்குடியினர் மொழியில் அவ்வூரின் பெயருக்கு ‘வெள்ளையரின் வளை’ என்று பொருள் கூறுவர். வந்தவர்கள் கல்லைக் கண்டனர். அங்கு முன்னரே இருந்தவர்களோ வந்தவர்களைக் கண்டு பெயரிட்டனர். அப்பெயர் ஒன்றே அத்தொல்குடியினர் அங்கு இருந்தமைக்கு நாள்தோறும் சான்று கூறுகிறது.

இன்னொரு செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. தொடர்வண்டிகளும் சரக்குந்துகளும் வருமுன், ஆஸ்திரேலியப் பாலையின் உள்நாட்டு ஊர்களுக்கு மாவும் துணியும் கருவிகளும் சுமந்து சென்றவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்கள் ‘ஆப்கானியர்’ என்ற பொதுப்பெயரால் அழைக்கப்பட்டனர். எனினும் அவர்களுள் பலர் பலுசிஸ்தானம், பஞ்சாப் முதலிய அக்கால இந்தியப் பகுதிகளிலிருந்து சென்றவர்கள். மாரீ போன்ற பாலையூர்களில் தொழுகைக்கு எளிய பள்ளிகளை எழுப்பியவர்களும் அவர்களே. அடிலெய்டிலிருந்து வடக்கே ஓடும் ‘கான்’ என்னும் தொடர்வண்டியின் பெயரில் அவர்கள் நினைவு எஞ்சியுள்ளது. சுமந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறு ஒரு பெயரளவிலேயே நின்றுவிடுகிறது.

கிணறு காட்டிய கரி

பாலை நிலத்துச் சிறுவனுக்கு நேர்ந்தது போன்ற ஒன்று, இருபது ஆண்டுகள் கழித்து நம் தென்னார்க்காட்டிலும் நேர்ந்தது. 1935ஆம் ஆண்டளவில், நெய்வேலிப் பகுதியில் நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தார். நீரோடு கரிய பொருளும் வெளிப்பட்டது. அதனை அவர் புறக்கணிக்கவில்லை, அரசினர்க்கு அறிவித்தார். அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர்த் தெளியப்பட்டது. நாட்டின் நலங்கருதித் தம் நிலத்தில் பெரும்பகுதியை அவர் வழங்கினார் என்பதை நெய்வேலி வட்டாரத்தார் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வர்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் செழித்திருந்த காடுகள் மண்ணுள் அமிழ்ந்து கரியாயின. அவற்றின்மேல் படிந்துள்ள செந்நிற மணற்பாறையை நிலவியல் அறிஞர் ‘கடலூர் மணற்பாறை’ என்றே வழங்குவர். அதே வகைப் பாறையில் கல்லாய்ச் சமைந்த மரங்களை இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் காணலாம். அங்கே மரம் கல்லாயிற்று. இங்கே மரம் கரியாயிற்று.

இக்கரி மட்டும் ஒரு நூற்றாண்டு முன்னதாக வெளிப்பட்டிருந்தால், நம் கடற்கரையின் வரலாறே மாறியிருக்கக்கூடும். 1830ஆம் ஆண்டில் ஜோசய்யா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்து இரும்புத்தாது அங்கே கொண்டுவரப்பட்டது. உலையை எரிக்க மரக்கரியே பயன்பட்டது. மரங்கள் வெட்டி முடிந்த தொலைவு நீள நீள, கரியின் விலையும் ஏறிற்று. அந்நூற்றாண்டு முடியுமுன் ஆலை மூடப்பட்டது. எரிபொருள் இன்றி ஓர் ஆலை அவிந்த இடத்திற்கு ஒரு நாள் நடைத் தொலைவிலேயே எரிபொருள் புதைந்து கிடந்தது என்பதை எண்ணும்போது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன.

நகரம் எழுந்த கதை

1940களில் துளைகள் இட்டு ஆய்வுகள் நடைபெற்றன. நாடு விடுதலை பெற்றபின், தமிழ்நாட்டுத் தொழில்கள் வங்காளத்து நிலக்கரியையே நம்பியிருக்கும் நிலை மாற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20ஆம் நாள் தலைமை அமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

மண்ணை அகற்றினால் கரி கிடைத்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. கரிப்படலத்தின் மேல் பல பத்து மீட்டர் கனத்துக்கு மண் மூடியிருந்தது. ஒரு டன் கரி எடுக்க ஐந்து ஆறு கன மீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. மணற்பாறையோ எந்திரங்களின் பற்களைத் தேய்த்தது. வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கர எந்திரங்கள் செருமனி நாட்டிலிருந்து வந்தன.

மண்ணினும் பெரிய தடை நீர். கரிப்படலத்தின் கீழே, அழுத்தத்தோடு நிறைந்த நிலத்தடி நீர் பரந்திருந்தது. மேலுள்ள மண்ணை அகற்றினால் அந்நீர் கரிப்படலத்தைப் பிளந்துகொண்டு மேலெழும். சுரங்கம் முழுதும் மூழ்கும். ஆதலின் சுரங்கத்தைச் சுற்றிக் கிணறுகள் இறக்கி, இரவு பகல் ஓயாமல் நீரை இறைத்து, அதன் அழுத்தத்தைத் தணிக்க வேண்டியதாயிற்று. அவ்விறைப்பு ஒரு நாள் நின்றாலும் இடர் வரும். நீர் வேண்டித் தோண்டியபோது கிடைத்த கரியை எடுப்பதற்கு, அந்நீரையே பகையாகக் கொண்டு வெளியேற்ற நேர்ந்தது நெய்வேலி வரலாற்றின் பெரிய முரண் எனலாம். சுற்றுப்புறத்தில் தானாகவே பொங்கி வழிந்த ஆழ்துளைக் கிணறுகள் ஒரு காலத்தில் இருந்தன. இன்று உழவர் பல நூறு அடி ஆழத்தில் நீரைத் தேடுகின்றனர்.

1961 ஆகஸ்டுத் திங்களில் கரிப்படலம் கண்ணுக்குப் புலனாயிற்று. 1962இல் சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அனல் மின் நிலையத்தின் முதற்பிரிவு இயங்கத் தொடங்கிற்று. 1970இல் அதன் திறன் 600 மெகாவாட்டாக நிறைவெய்தியது. உர ஆலையும், கரிக்கட்டி ஆலையும் உடன் எழுந்தன. ‘லெக்கோ’ என்ற பெயரில் வீட்டு அடுப்புகளிலும் தேநீர்க் கடைகளிலும் புகையின்றி எரிந்த அக்கரியை நடுவயது கடந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாலைகள் இரண்டும் பின்னாளில் மூடப்பட்டன. இரண்டாம் சுரங்கமும், 1,470 மெகாவாட் திறனுடைய இரண்டாம் மின் நிலையமும் தொடர்ந்து வந்தன. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த முதல் மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. அதே ஆண்டின் மே, சூலைத் திங்களில் இரண்டாம் மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிர் நீத்தனர். ஒளி விலையின்றிக் கிடைப்பதன்று என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்திற்று.

இந்நிறுவனத்தால் விளைந்த நன்மைகளை மறைத்தல் நன்றியன்று. தென்னக வீடுகளில் விளக்கு எரிந்தது. ஆலைகளில் சக்கரம் சுழன்றது. வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டு, மரநிழல் சூழ்ந்த நகரியம் ஒன்று வறண்ட மேட்டுநிலத்தில் எழுந்தது. பள்ளிகளும் மருத்துவமனையும் அமைந்தன. ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் புத்தகக் கண்காட்சியால் நம் மாணவர் பலர் பயன் பெற்றுள்ளனர். எம் துறையில் பயின்றோருள் அந்நகரியத்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் உளர்.

பாட்டனாரின் பற்றேடு

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் சிலருடன் நாம் நெய்வேலிக்குச் சென்றிருந்தோம். செல்லும் வழியில் வடலூரில் இறங்கி, வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் அன்றுமுதல் அணையாமல் எரியும் அடுப்பைக் கண்டோம். பின்னர்ச் சுரங்கத்தின் விளிம்பில் நின்றோம். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மரமில்லை, நீரில்லை, நிழலில்லை. அடுக்கடுக்காக வெட்டப்பட்ட மண்ணும் அடியில் கரிய தரையுமே தெரிந்தன. பாலை என்பது இயற்கையில் தனியொரு நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் நமக்குக் காட்டும் கருத்து. வகுப்பறையில் பலமுறை விளக்கியும் மாணவர் நெஞ்சில் பதியாத அக்கருத்து, அவ்விளிம்பில் ஒரு சொல்லும் கூறாமலே பதிந்தது.

அப்போது ஒரு மாணவி, “ஐயா, இந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில் முன்பு என்ன ஊர் இருந்தது?” என்று வினவினார். உடன் வந்தவர் எவர்க்கும் விடை தெரியவில்லை. எமக்கோ எம் பாட்டனாரின் பற்றேடு நினைவிற்கு வந்தது.

எம் பாட்டனார் நெல்லிக்குப்பத்தில் வாழ்ந்தவர். குறிஞ்சிப்பாடியில் நெசவாளரிடம் கைலிகளும் சேலைகளும் வாங்கி, மிதிவண்டியில் கட்டிக்கொண்டு, நெய்வேலியைச் சூழ்ந்த சிற்றூர்களில் தவணைக்கு விற்றுவந்தார். மல்லாட்டை பிடுங்கியதும் பாதி, முந்திரி விற்றதும் மீதி என்பது அக்காலத்து ஒப்பந்தம். எழுத்துமில்லை, சாட்சியுமில்லை. ஊரார் அவரை ‘மாமா’ என்றே அழைத்தனர். கோடைப் பகலில் அவர் தொழுவதற்குத் திண்ணையைப் பெருக்கி, ஒளுச் செய்யச் செம்பில் நீரும் வைத்தனர் என்று எம் அன்னையார் கூறக் கேட்டுள்ளோம்.

அவருடைய பற்றேடு எம் இல்லத்தில் இன்றும் உள்ளது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் வழக்கில் அவர் கணக்கு வைத்திருந்தார். அன்னையார் வாசித்துக் காட்ட, நாம் அதனைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதினோம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தாள். அதன்கீழ் குடும்பத்தலைவர் பெயரும் கடனும். குப்பம் என்றும், பட்டு என்றும், கொல்லை என்றும் முடியும் ஊர்ப்பெயர்கள் அவை. கொல்லை என்பது சங்க இலக்கியத்தில் முல்லை நிலத்துப் புன்செய்யைக் குறிக்கும் சொல். ஊரின் பெயரே அந்நிலத்தின் இயல்பைக் கூறி நின்றது. பெயர்களுக்கு எதிரே மூன்று ரூபாய் எட்டணா, ஐந்து ரூபாய் என்னும் சிறு தொகைகள்.

1950களின் இறுதியில் எழுதிய தாள்களில் சில ஊர்ப்பெயர்களுக்கு மேல் ‘ஊர் எழும்பிற்று’ என்று குறித்துள்ளார். குடியிருந்தோர் நிலம் கொடுத்துவிட்டு வேறிடம் சென்றுவிட்டனர் என்பதே பொருள். அத்தாளின் அடியில், நிலுவைத் தொகை முழுவதற்கும் எதிராக, ‘மாப்பு’ என்ற ஒரே சொல் காணப்படுகிறது. மன்னித்துவிட்டேன் என்பதனை நம் சமுதாயத்துப் பெரியோர் சொல்லும் சொல் அது. “வீட்டையே விட்டுப் போகிறவனிடம் வேட்டிக் காசு கேட்பதா?” என்று அவர் கூறினாராம். அவரும் செல்வர் அல்லர். அவ்வாண்டு எம் இல்லத்தில் பெருநாளுக்குப் புத்தாடை எடுக்கவில்லை.

ஐந்தாறு ஆண்டுகள் சென்றபின் ஓர் இளைஞர் எம் பாட்டனாரைத் தேடி நெல்லிக்குப்பத்திற்கு வந்தார். சுரங்கத்தில் கூலி வேலையில் அமர்ந்திருந்தவர் அவர். தம் தந்தையார் வைத்துச் சென்ற கடன் ஏழு ரூபாய் என்று கூறி, அதனை எடுத்து நீட்டினார். “அதைத்தான் மாப்பு என்று எழுதிவிட்டேனே” என்றார் பாட்டனார். “நீங்க எழுதிட்டீங்க மாமா, நாங்க எழுதலையே” என்றார் அவ்விளைஞர். அதற்குமேல் மறுக்க இயலாமல் பாட்டனார் தொகையைப் பெற்றுக்கொண்டார். உணவளித்து, ஒரு கைலியும் கொடுத்து அனுப்பினார்.

அவ்விளைஞரின் மறுமொழி எம் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. கடன் கொடுத்தவர் மன்னித்தாலும், கடன்பட்டவர் ஏட்டில் அது தள்ளுபடி ஆவதில்லை. அவ்வூரார் நமக்கு மண் கொடுத்தனர். அம்மண்ணின் அடியிலிருந்து வந்த கரியால் நம் வீட்டில் விளக்கு எரிந்தது. அவர்கள் கேட்காமல் இருக்கலாம். நாம் பட்ட கடன் இல்லாமற் போய்விடாது.

முடியாத கணக்கு

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. சுரங்கம் விரியும்தோறும் ஊர்கள் எழுந்தவண்ணம் உள்ளன. 2023 சூலைத் திங்களில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவிப் பகுதியில், வாய்க்கால் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் எந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். விதைத்த பயிரை அறுக்கவும் விடலாகாதா என்றனர் உழவர். போராட்டம் எழுந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டின் ஏப்ரல் திங்களில், சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி உள்ளிட்ட மூன்று புதிய நிலக்கரிப் பகுதிகளை ஏலத்தில் விட எழுந்த முயற்சி, தமிழக மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

மின்சாரம் வேண்டும் என்பாரும் நம்மவர். நிலம் வேண்டும் என்பாரும் நம்மவர். இவருள் எவரையும் பகைவராகக் கருதுதல் தகாது. ஆயினும் விலை பேசும்போது, நிலத்தின் பரப்பைக் கணக்கிடுவோர் ஊரைக் கணக்கிடுவதில்லை. ஊர் என்பது ஏக்கர் அன்று. அது குளம், களம், கோயில், பள்ளிவாசல், இடுகாடு, கடன் கொடுத்த மாமா, திண்ணை பெருக்கிய அக்கை என்னும் அனைத்தும் சேர்ந்தது. பணம் நிலத்திற்கு ஈடாகலாம். இவற்றுக்கு ஈடு காண்பது எளிதன்று.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

கூபர் பீடியின் தொல்குடியினர்க்கு அவர்கள் இட்ட பெயரேனும் எஞ்சிற்று. எழுந்துபோன நம் ஊர்களுக்கு அதுவும் எஞ்சாமற் போகலாம். ரா.பி. சேதுப்பிள்ளை அவர்கள் ‘ஊரும் பேரும்’ என்னும் நூலால் ஊர்ப்பெயர் ஆய்வின் அருமையைத் தமிழர்க்கு உணர்த்திச் சென்றார்கள். அவ்வழியில் நம் துறை மாணவர்கள் செய்யத்தக்க பணி ஒன்று காத்திருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் இன்று மாற்றுக் குடியிருப்புகளிலும், மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் ஆகிய ஊர்களிலும் வாழ்கின்றன. அக்குடும்பங்களில் எழுபது வயது கடந்த முதியோர் இன்னும் உளர். அவர்களிடம் சென்று, ஊரின் பெயர் யாது, குளத்தின் பெயர் யாது, வயலை எப்பெயரால் அழைத்தீர்கள், எத்தெய்வத்தை வணங்கினீர்கள், எந்தச் சந்தைக்குச் சென்றீர்கள் என்று வினவி எழுதுதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; ஒரு குறிப்பேடும், பொறுமையாகக் கேட்கும் செவியுமே போதும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். வணிகத்தின் பொருட்டு ஊர் ஊராகச் சென்ற நம் முன்னோரின் பற்றேடுகள் பல இல்லங்களில் அரபுத்தமிழில் முடங்கிக் கிடக்கின்றன. அவ்வெழுத்தை வாசிக்க வல்லவர் குறைந்து வருகின்றனர். பழைய கணக்குத்தானே என்று எரித்துவிடாமல் அவற்றைக் கல்லூரி நூலகத்திற்கு அளித்தால், மறைந்த ஊர்கள் பலவற்றின் முகவரி அவற்றில் கிடைக்கக்கூடும்.

அன்று சுரங்க விளிம்பில் அம்மாணவி கேட்ட வினாவிற்கு, பாட்டனாரின் ஏட்டிலிருந்து சில பெயர்களை மட்டுமே நம்மால் கூற முடிந்தது. எஞ்சிய பெயர்களை அவரும் அவருடைய தோழியரும் தேடத் தொடங்கியுள்ளனர். அவர்தம் பட்டியல் முழுமை பெற்று அடுத்த மலரில் வெளிவர வேண்டும் என்பதே எம் விழைவு.